குரங்கின் உடம்பில் இல்லாத கோடு

கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக் குன்றின்மேல், பழைய பீரங்கிகளை ஒட்டி, லோத்தோங் குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். சாம்பல் கறுப்பு ரோமம், நுனியில் வெள்ளிப் பளபளப்பு, உச்சந்தலையில் தூக்கி நிற்கும் கொண்டை. ஓவியம் கற்க வந்த மாணவர் ஒருவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, எதிரே இருக்கும் குரங்கை வரையச் சொல்லுங்கள். கொண்டையில் தொடங்கி, கழுத்து வழியாக முதுகில் இறங்கி, வால் நுனிவரை ஒரு கோடு இழுப்பார். கண் இல்லை, மூக்கு இல்லை, நிறம் இல்லை. ஆனாலும் எட்டிப் பார்க்கிறவர் குரங்கு என்று உடனே சொல்லிவிடுவார்.

அந்தக் கோடு குரங்கின் உடம்பில் எங்கே இருக்கிறது? கிட்டே போய்த் தேடினாலும் அகப்படாது. ரோமம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வானம் இருக்கிறது. நடுவே கறுப்பாக ஒன்றும் ஓடவில்லை. இரண்டடி தள்ளி நின்றால் அந்த எல்லையே உடம்பின் வேறொரு பகுதிக்கு நகர்ந்துவிடும். பொருளில் இல்லாத ஒன்றைத்தான் மாணவர் வரைகிறார், அதைப் பார்த்துத்தான் நாம் பொருளை அடையாளம் காண்கிறோம். ஓவியக் கல்வியில் இதைவிட வியப்பான செய்தி எனக்குத் தெரிந்து இல்லை. வகுப்புகளில் இதைச் சொல்லாமல் கடந்துபோவது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

சின்ன வயதிலிருந்து படப்புத்தகம் பார்த்துப் பழகியதால் கோடு புரிகிறது என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ஜூலியன் ஹாக்பெர்க், வர்ஜீனியா புரூக்ஸ் இருவரும் 1962-இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. ஒரு குழந்தையை ஏறக்குறைய 19 மாதம்வரை படங்களே இல்லாத சூழலில் வளர்த்தார்கள். பொம்மைகளையும் வீட்டுப் பொருள்களையும் கையில் எடுத்தே அது சொற்களைக் கற்றது. பிறகு அந்தப் பொருள்களை வெறும் கோட்டில் வரைந்து காட்டினார்கள். குழந்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னது. கோட்டை வாசிக்க யாரும் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அப்படியானால் கோடு எங்கிருந்து வருகிறது? விடையின் முதல் பகுதி சிலாங்கூர்க் கடலோரச் சேற்றில் ஊர்கிறது.

பெலாங்காஸ் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் குதிரைலாட நண்டை அலையாத்திக் காட்டோரம் பார்த்திருப்பீர்கள். வட்ட ஓடு, நீண்ட ஊசி வால். பெயரில் நண்டு இருந்தாலும் அது சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய உறவு. அதன் குலம் 40 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. உலகில் இன்று மிஞ்சியிருப்பவை நான்கே இனங்கள். மூன்று ஆசியாவில், ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில். அந்த அமெரிக்க இனத்தின் கண்ணை வைத்துத்தான் கெஃபர் ஹார்ட்லைன் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் உழைத்தார். சுமார் ஆயிரம் சிறு கண்கள் சேர்ந்த கூட்டுக் கண் அது. ஒவ்வொரு சிறு கண்ணும் பெரியது, அதன் நரம்பைத் தனியே பிரித்தெடுத்து மின்துடிப்பை அளக்க வசதியானது. 1950-களில் ஃபிளாய்டு ராட்லிஃபுடன் சேர்ந்து அவர் கண்டது இதுதான்: ஒரு சிறு கண்மீது வெளிச்சம் பட்டால் அது தானும் துடிக்கிறது, பக்கத்துக் கண்களின் துடிப்பையும் கொஞ்சம் அடக்குகிறது.

அடக்குவதால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரிசையாக ஆறு சிறு கண்கள். இடப்பக்கம் மூன்றின்மேல் 100 அளவு வெளிச்சம், வலப்பக்கம் மூன்றின்மேல் 50. இரு வரிசையும் அப்பாலும் அதே வெளிச்சத்தோடு நீள்கின்றன. எளிமைக்காக, ஒவ்வொன்றும் தன் இரு பக்கத்துக் கண்கள் பெறும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சப் பகுதியின் உள்ளே இருக்கும் கண் இருபுறமும் பத்துப் பத்தாக இழந்து 80 என்று சொல்லும். ஓரத்தில் இருப்பதற்கு ஒரு பக்கம் இருட்டு. அது பத்தும் ஐந்தும் மட்டுமே இழந்து 85 என்று சொல்லும். எல்லைக்கு அப்பால் முதல் இருட்டுக் கண், வெளிச்சப் பக்கத்தின் அடக்குதலையும் சேர்த்து வாங்கி, 35-க்கு இறங்கிவிடும். அதற்கும் உள்ளே இருப்பவை 40-இல் நிற்கும். ஆக 80, 80, 85, 35, 40, 40. சமமாக இருந்த இரண்டு பரப்புகள் அப்படியே கிடக்க, அவை சந்திக்கும் இடத்தில் மட்டும் மேடு மேலும் உயர்ந்து, பள்ளம் மேலும் ஆழ்ந்துவிட்டது.

எல்லையை மிகைப்படுத்திச் சொல்கிறது கண். ஹார்ட்லைனுக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் கண்ணும் இப்படி ஏதோ செய்கிறது என்று ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-இலேயே ஊகித்திருந்தார். வெளிச்சமும் நிழலும் சேரும் இடத்தில் உண்மையில் இல்லாத ஒரு வெள்ளைப் பட்டையும் கறுப்புப் பட்டையும் நமக்குத் தெரிவதை அவர் கவனித்தார். குன்றின்மேல் லோத்தோங்கின் முதுகும் வானமும் சேரும் இடத்தில் நம் விழித்திரை செய்வதும் இதுதான். மாணவரின் பென்சில் அந்த மேட்டையும் பள்ளத்தையும்தான் தேடிப் போகிறது.

அடுத்த கட்டம் மூளையில். நரம்பியல் ஆய்வாளர்கள் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1958-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பூனையின் பார்வைப் புறணியில் மெல்லிய மின்முனையை வைத்து, திரையில் கறுப்புப் புள்ளியும் வெள்ளைப் புள்ளியும் காட்டிக்கொண்டிருந்தார்கள். நரம்பணு மசியவே இல்லை. புள்ளி இருந்த கண்ணாடிச் சில்லை மாற்றும்போது அது திடீரென்று படபடவென்று துடித்தது. புள்ளிக்காக அல்ல. சில்லின் விளிம்பு திரைமேல் போட்ட மெல்லிய நிழற்கோடு, ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்ததற்காக. செங்குத்துக்கு ஓர் அணு, சாய்வுக்கு இன்னோர் அணு, படுக்கைக்கு மற்றொன்று என்று மூளை பிரித்து வைத்திருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. 1981-இல் அவர்களுக்கும் நோபல் கிடைத்தது. நாம் தாளில் ஒரு சாய்கோடு போடும்போது, நிஜ உலகின் ஒரு விளிம்பைக் கண்டால் துடிக்கும் அதே அணுக்களைத் தட்டி எழுப்புகிறோம்.

கதை இத்துடன் முடியவில்லை. விளிம்பு என்றால் நிழலின் ஓரமும் விளிம்புதான். ஆனால் தேர்ந்த ஓவியர் நிழலின் ஓரத்தையெல்லாம் கோடாக வரைவதில்லை. எதை எடுப்பது, எதை விடுவது? கணினி வரைகலை ஆய்வாளர் ஆரோன் ஹெர்ட்ஸ்மன் 2020-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். இருட்டில் நெற்றி விளக்கு மாட்டிக்கொண்டு ஒரு ரப்பர் மரத்தைப் பாருங்கள். உங்களை நோக்கியிருக்கும் பட்டை பளிச்சென்று தெரியும். மரம் வளைந்து விலகும் இரு ஓரங்களும் மங்கிக் கறுக்கும். பார்ப்பவரின் கண் இருக்கும் இடத்திலேயே விளக்கும் இருந்தால், உருவங்கள் தாமாகவே கறுப்பு ஓரம் கட்டிக்கொள்கின்றன. கோட்டோவியத்தை மூளை அப்படி ஒரு காட்சியாக எடுத்துக்கொள்கிறது என்பது அவர் வாதம். இது இன்னும் விவாதத்தில் இருக்கும் கருத்து. ஆனால் விடியலுக்கு முன் நெற்றி விளக்கோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள் இந்தக் காட்சியை எத்தனையோ ஆயிரம் முறை கண்டிருக்கிறார்கள்.

மீண்டும் குன்றுக்கு வருவோம். லோத்தோங் குட்டி பிறக்கும்போது பளீரென்ற ஆரஞ்சு நிறம். கறுத்த தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். பென்சிலுக்கு நிறம் கிடையாது. பிறகு குட்டி முன்னால், தாய் பின்னால் என்பதை எப்படிக் காட்டுவது? தாயின் வயிற்றுக் கோடு குட்டியின் முதுகுக் கோட்டில் வந்து முட்டி நிற்க வேண்டும். முட்டி நிற்பது பின்னால் இருப்பது. தடையின்றி ஓடுவது முன்னால் இருப்பது. அந்த முட்டும் இடத்தில் கோட்டை ஓர் இழை தாண்டவிட்டால் குட்டி கண்ணாடியாகிவிடும், தாயின் வயிறு அதற்குள் தெரியும். ஒரு படத்தில் ஆழம் உண்டாவதற்கு இத்தகைய நான்கைந்து சந்திப்புகள் போதும். புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் நீண்ட கோட்டுக்கு அக்கறை காட்டி, சந்திப்புகளை அவசரமாக முடிப்பார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். கோடு கொஞ்சம் நடுங்கினாலும் பாதகமில்லை, முட்டும் இடம் தவறக் கூடாது.

பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் அந்த வட்டாரத்தில்தான், தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். செம்பனையின் தண்டைப் பாருங்கள். வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகள் சுழல் சுழலாக மேலேறும். ஒரு திசையில் எண்ணினால் 8 சுழல், எதிர்த்திசையில் 13. மரமோ எந்தச் சுழலையும் போடவில்லை. ஒவ்வொரு புது மட்டையும் முந்தையதிலிருந்து ஏறக்குறைய 137.5 பாகை தள்ளி முளைக்கிறது, அவ்வளவுதான். அடுத்தடுத்த கட்டைகளைச் சேர்த்துச் சுழலாக்குவது நம் கண். ஒரே வளைவில் ஏறக்குறைய ஒரே சாய்வில் கிடக்கும் துண்டுகளைப் பார்வை தானாகவே கோத்துவிடும் என்பதை 1993-இல் டேவிட் ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் சோதித்துக் காட்டினார்கள். தோட்டத்தில் இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. 1, 9, 17 என்று எட்டெட்டாக மட்டைகள் ஒரே சுழலில் வருவதால், உரம் போதுமா என்று பார்க்க இலை எடுக்கும் 17-ஆம் மட்டையை அந்தச் சுழலைப் பிடித்தே கண்டுபிடிக்கிறார்கள். செம்பனையை வரைய உட்காரும் மாணவர் கட்டை கட்டையாகத் தொடங்கினால் தண்டு கோணிப்போகும். முதலில் இரண்டு மூன்று சுழலை லேசாகப் போட்டுக்கொண்டால் கட்டைகள் தாமே தம் இடத்தில் வந்து உட்காரும்.

இதுவரை கண்ணைப் பற்றிச் சொன்னேன். கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் தோட்டத்து மக்களுக்கு நான் செய்வது நியாயமாகாது.

கைக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு. வளைவு இறுகும் இடத்தில் கை தானாக வேகம் குறைக்கும், அதுவும் ஓர் ஒழுங்கோடு. லாக்குவானிட்டி, டெர்சுவோலோ, விவியானி என்ற மூவர் 1983-இல் இதை அளந்து சொன்னார்கள். வளைவின் ஆரம் எட்டில் ஒன்றாகச் சுருங்கினால், கையின் வேகம் பாதியாகும். யாரும் சொல்லித்தந்து வருவதில்லை இது. கிறுக்கினாலும் கையெழுத்துப் போட்டாலும் ஏறக்குறைய இதே கணக்கு. லயத்து வாசலில் சிக்குக் கோலம் போடுகிறவரைக் கவனித்தால் கண்கூடாகத் தெரியும். நீண்ட ஓட்டத்தில் கை விரையும், புள்ளியைச் சுற்றித் திரும்பும்போது தயங்கும். விரலிடுக்கிலிருந்து மாவு ஒரே அளவில் விழுந்தால் திருப்பங்களில் கோடு தடித்துப்போகும். தேர்ந்த கை அந்த இடத்தில் விரலை இறுக்கிக்கொள்ளும். பேனா பிடிக்கும் மாணவர் மை ஊறிப்போகும் இடத்தைப் பார்த்தாலே தன் கை எங்கே தயங்கியது என்று தெரிந்துகொள்ளலாம்.

கோலத்தைவிடக் கடினமான கோடு ஒன்றை வடசிலாங்கூர்த் தோட்டங்களில் தமிழ்ப் பெண்களும் ஆண்களும் பல தலைமுறை போட்டார்கள். ரப்பர் மரத்தின் வெட்டுக்கோடு. அதை யாரும் ஓவியம் என்று சொன்னதில்லை. ஆனால் கோட்டுக்கு என்னென்ன இலக்கணம் உண்டோ அத்தனையும் அதில் உண்டு. இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக, மரத்தைப் பாதி சுற்றி, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் அது இறங்க வேண்டும். அந்தத் திசைக்குக் காரணம் இருக்கிறது. பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேர்செங்குத்தாக ஏறுவதில்லை. மூன்று நான்கு பாகை வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் கோடு கூடுதலான குழாய்களை அறுக்கும். எதிர்த்திசையில் வெட்டினால் அதே நீளக் கோட்டுக்குப் பால் குறையும்.

ஆழத்தில்தான் உண்மையான திறமை. பால்குழாய்கள் பட்டையின் உட்பக்கத்தில், மரத்தை வளர்க்கும் மெல்லிய வளர்படலத்துக்கு மிக அருகில் நெருக்கமாக இருக்கின்றன. மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். உளி நிற்க வேண்டிய இடம் அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால். ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. இருட்டில், ஈரத்தில், கொசுக்கடியில் ஒரு காலையில் நானூறு ஐந்நூறு மரம். வெயில் ஏறிவிட்டால் இலைகள் நீரை இழந்து மரத்துக்குள் அழுத்தம் தளரும், பால் ஓட்டம் குறையும். அதனால்தான் விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டியிருந்தது.

உளி பிடித்தவரின் உடம்பைக் கவனியுங்கள். மணிக்கட்டை மட்டும் திருப்பி அந்தக் கோட்டைப் போட முடியாது. சின்னச் சின்ன இழுப்புகளாக உளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, மரத்தைச் சுற்றிக் கால் எடுத்து வைத்து நகர்வார்கள். கோட்டின் சாய்வை உடம்பு பிடித்துக்கொள்ளும், ஆழத்தைக் கை பிடித்துக்கொள்ளும். ஓவியக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவரிடம் ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வதும் இதைத்தான்: விரலால் வரையாதே, தோளால் வரை. மரமோ அந்தக் கோட்டை மறப்பதில்லை. காயம் படாமல் சீவிய இடத்தில் புதுப்பட்டை வழவழப்பாக வளரும். காயம் பட்ட இடம் முண்டும் முடிச்சுமாகத் தடித்துப்போகும். பல ஆண்டு கழித்து அதே பக்கத்தை மறுபடி வெட்ட வருகிறவர், முன்னால் வெட்டியவரின் கை எப்படிப்பட்டது என்று தடவியே சொல்லிவிடலாம்.

ஓவியர்களின் கையை ஆராய்ந்தவர்களும் இதற்கு அருகில்தான் வந்தார்கள். லண்டன் உருவப்பட ஓவியர் ஹம்ஃப்ரி ஓஷன் வரையும்போது அவர் கண்ணசைவையும் கையசைவையும் ஒருசேரப் பதிவு செய்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. எதிரே இருப்பவரைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவர் கண் அலையவில்லை. ஒரே ஓர் இடத்தில் ஊன்றி நின்று, அந்தச் சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு தாளுக்குத் திரும்பியது. 2005-இல் டேல் கோஹன் செய்த சோதனைகளில், பொருளுக்கும் தாளுக்கும் அடிக்கடி பார்வையை மாற்றியவர்கள்தாம் கூடுதல் துல்லியத்தோடு வரைந்தார்கள். நெடுநேரம் வெறித்துப் பார்த்துவிட்டு நினைவிலிருந்து நீளமாக இழுத்தால், குரங்கை விட்டுவிட்டு நம் மனத்தில் உள்ள பொதுக்குரங்கை வரைந்துவிடுவோம். கொஞ்சம் பார், கொஞ்சம் வரை, மறுபடி பார். வெட்டுக்கோட்டின் சிறு இழுப்புகளும் இந்தத் தாளத்தில் நடப்பவைதான்.

நம்மவர்களில் கோட்டைத் தேடிக் கடல் தாண்டியவர் உண்டு. அழகன்குளத்தில் 1943-இல் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீன், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தார். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி அது. கே. சி. எஸ். பணிக்கர், தனபால், சந்தானராஜ் போன்றோர் கற்பித்த காலத்தில், நிழல் தீட்டி உருண்டை காட்டும் ஐரோப்பிய வழியைத் தாண்டி, கோட்டையே முதுகெலும்பாகக் கொண்ட ஓவியம் அங்கே வளர்ந்தது. ஓவியர் ஆதிமூலம் காந்தியை நூறு விதமாகக் கறுப்புக் கோட்டில் வரைந்தது அந்த மண்ணிலிருந்துதான். தாஜுதீனின் இராமாயண ஓவியங்களில் உடல்களைத் தழுவி ஓடும் கோட்டில் அஜந்தாவின் சாயல் தெரியும். அவர் மலேசியா திரும்பி ஓவிய ஆசிரியராகவும் இருந்தார்.

இன்று கோல சிலாங்கூரிலோ உலு சிலாங்கூரிலோ ஓவியம் பழக விரும்பும் பிள்ளைக்கு முதல் பாடத்துக்காகக் கடல் தாண்ட வேண்டிய தேவை இல்லை. குன்றும் குரங்கும் செம்பனையும் சேறும் இங்கேயே இருக்கின்றன. ரப்பர்க் காடுகள்தாம் பெரும்பாலும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன; அந்த வெட்டுக்கோடு தெரிந்த கைகளுக்கும் வயதாகிவிட்டது.

தமிழ்ப்பள்ளிகளில் ஓவியம் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மரம் வெட்டிய பாட்டி யாராவது பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக உங்கள் பள்ளி வாசலுக்கு வந்தால், அவரை ஒரு மணி நேரம் வகுப்புக்குள் அழையுங்கள். பள்ளி வளாகத்தில் ஏதாவது ஒரு மரத்தடியில் சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்து, அந்தச் சாய்கோட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் அவர் கையைப் பார்க்கட்டும், காலையும் பார்க்கட்டும். பிறகு அவர்களே ஒவ்வொருவராகப் போட்டுப் பழகட்டும்.